பட்டாவில் இருக்கும் பெயர்

சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் மேரி என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். வச்சலா என்று கேட்டால் யோசிப்பார்கள். ஆனால் அவளுடைய அறுபது சென்ட் நிலத்தின் பட்டாவில் இருப்பது வச்சலாதான். அப்பா காத்தவராயன் ஆயுசு முழுக்க அடுத்தவன் வயலில் குனிந்து, கடைசியில் வாங்கி அவள் பேருக்கு எழுதிவைத்த நிலம். ஆபிரகாமைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கியபோது மேரி ஆனாள். ஆதாரையும் அந்தப் பேரிலேயே எடுத்தாள். அணுபுரம் குவார்ட்டர்ஸில் நாலு வீடு பெருக்கித் துடைத்து, மிச்ச நேரத்தில் வேர்க்கடலை போடுகிறவளுக்கு இந்த ரெண்டு பெயரும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் என்று யார் சொன்னார்கள்?

நாலு மாதத்துக்கு ஒரு தடவை அரசாங்கம் போடும் இரண்டாயிரம்தான் அவளுக்கு டிராக்டர் கூலி. அது இல்லையென்றால் நிலம் தரிசு. இத்தனை வருஷம் பேசாமல் பணம் போட்ட அரசாங்கத்துக்கு இப்போது திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. பட்டாவும் ஆதாரும் ஒத்துப்போனால்தான் விவசாயி எண்ணாம், எண் இருந்தால்தான் பணமாம். ஊரில் இன்றைக்குக் கடைசி முகாம்.

பஞ்சாயத்து ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தமிழ்வாணன் நல்ல பிள்ளை. "ரெண்டும் ஒருத்தர்தான்னு காட்ட ஏதாச்சும் பேப்பர் இருக்காம்மா? சர்ச் சர்டிபிகேட் இருந்தாக்கூட போதும். இப்பவே ஏத்திடறேன்," என்றான்.

இருந்தது. நேற்றுதான் ஆபிரகாம் பாதிரியாரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். மேரி பையில் கையை விட்டாள்.

பக்கத்தில் நின்ற மகள் சிநேகா அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள். "மா, அத்த வெளிய எடுக்காத," என்று காதில் சொன்னாள். "என் எஸ்.சி. சர்டிபிகேட் உன் வழியில வாங்கினது. அதுல நீ இந்துன்னு போட்டுக்கீது. மதம் மாறினவங்க புள்ளைக்கு அது செல்லாதும்மா. வர்ற வாரம் கவர்மென்ட் வேலைக்கு வெரிபிகேஷன். இந்த பேப்பரு ஏறிச்சின்னா எல்லாம் போச்சு."

மேரி திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஜெகதீசன் நின்றுகொண்டிருந்தான். அவன் மகளும் அதே பரீட்சை எழுதி, சிநேகாவுக்கு அடுத்த இடத்தில் காத்திருந்தாள். சிநேகா சர்டிபிகேட் செல்லாது என்று கலெக்டருக்கு மனுப் போடுவேன் என போன மாதமே டீக்கடையில் சொன்னவன். மேரி மதம் மாறியது ஊருக்கே தெரிந்த விஷயம்தான். கையில் காகிதம் சிக்காததால் சும்மா இருக்கிறான்.

"இன்னாக்கா, பையில இன்னா கீது? குட்த்துட்டு நகரு," என்று கழுத்தை நீட்டினான்.

"நாஸ்தா டப்பா," என்றாள் மேரி.

"பேப்பர் இருக்காம்மா, இல்லையா?" என்றான் தமிழ்வாணன்.

"இல்ல சார்."

"அப்ப ஆதார்ல இருக்கற மேரி யாரு?"

இருபத்திரண்டு வருஷம். அந்தப் பேரில்தான் தாலி கட்டிக்கொண்டாள், பிள்ளை பெற்றாள், முட்டிபோட்டு அழுதாள்.

"அப்டி யாரும் இல்ல சார். ஆதார் எடுத்தவங்க தப்பா எழுதிட்டாங்க. நான் வச்சலா."

"அப்போ ஆதாரைத் திருத்திகினு வாங்க. ஆனா இந்தத் தவணை வராதும்மா."

"பரவால்ல சார்."

அந்த நேரம் பார்த்துத்தான் ஆபிரகாம் வந்து சேர வேண்டுமா? வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மேரி! முடிஞ்சிதா?"

வரிசை முழுக்க வாசலைத் திரும்பிப் பார்த்தது. ஜெகதீசன் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேரி, உன்னத்தான்!"

தமிழ்வாணன் தலையைத் தூக்கினான். "உங்களையாம்மா கூப்பிடறாரு?"

"இல்ல சார்," என்றாள் அவள், திரும்பாமலே. "அவரு வேற யாரையோ கூப்புடறாரு."