திருச்சியா, சென்னையா?

குரும்பலூர் சிந்தாமணிக்கு முப்பத்திரண்டு வயது. பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து அரியலூருக்கு இன்னொரு பஸ் என்று ஆறு வருடமாக ஒரு சிமெண்ட் ஆலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். எந்த லாரி எத்தனை மூட்டையோடு எந்த ஊருக்குப் போகிறது என்ற அத்தனை விவரமும் அவள் பார்த்துக்கொண்ட டேட்டாபேஸில்தான் இருந்தது. அது நின்றால் லாரி நிற்கும். டிரைவர்கள் அவள் ஜன்னலுக்கே வந்து சண்டை பிடிப்பார்கள்.

அதன் பாஸ்வேர்டை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்தவள். தொழிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் தன்னை அனுப்பிவிடுவார்களோ என்று பயம். வேலை நிரந்தரமான பிறகும் அந்தப் பயம் அவளை விடவில்லை.

2004இல் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. டேட்டாபேஸ் மேற்பயிற்சிக்கு ஒருவரை அனுப்பலாம். திருச்சியில் பத்து நாள், அல்லது சென்னையில் நாற்பது நாள். இரண்டின் பாடத்திட்டத்தையும் பஸ்ஸிலேயே வரிவரியாக ஒப்பிட்டாள். திருச்சியில் இருந்ததெல்லாம் அவள் தினமும் செய்கிற வேலை. சென்னையிலோ, நொறுங்கிப்போன டேட்டாபேஸை மீட்டெடுப்பதை அவரவர் கையாலேயே செய்ய வைப்பார்கள். முடிவில் பரீட்சை, சான்றிதழ். அது கையில் இருந்தால் எந்த ஊரிலும் வேலை. இந்தச் சுண்ணாம்புத் தூசியிலிருந்து விடுதலை!

சென்னைக்குத் தன்னை அனுப்பச் சொல்லிக் கேட்டதும் மேலாளர் சின்னதுரை சிரித்தார். “போம்மா, யாரு வேணாங்கிறா? நீ போயிட்டா லாரிக்காரனுக்கு யாரு பதில் சொல்றது? மாத்து ஆளைக் காட்டிட்டுப் போ.”

லாரிகளை நிறுத்து எடைபோடும் எடைமேடையில் வேலை பார்த்த பிரேம்குமாரிடம் போய் நின்றாள். அவள் வயதுதான் அவனுக்கும்.

“என்ன மேடம், நான் உள்ள வந்தாலே ஸ்கிரீனைக் கையால மறைப்பீங்க. இன்னைக்கு நீங்களே கூப்பிடுறீங்க? மழைதான் வரப்போவுது!”

“கிண்டல் பண்ணாதீங்க பிரேம். கத்துக்கிறீங்களா, இல்லையா?”

நான்கு மாதம். ஆறு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தாள். கடைசி வாரம் அவன் தனியாகவே எல்லாம் பார்த்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு லாரிகூட நிற்கவில்லை. அன்று அவள் மனம் சென்னைக்கே போய்விட்டது.

மறுநாள் இருவருமாக மேலாளரிடம் போனார்கள்.

“ரொம்ப நல்லதாப் போச்சு,” என்றார் சின்னதுரை. “பிரேமையே அனுப்பிடலாம்.”

“சார்... எனக்குத்தானே கேட்டேன்?”

“உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. தெரியாதவன்தானம்மா படிக்கணும்? அவன் போனா நீ இருக்க. நீ போயி இங்க ஏதாவது ஒண்ணுன்னா, அவன் திருதிருன்னு முழிப்பான்.” பேனாவை எடுத்தார். “எந்தக் கோர்ஸுன்னு நீயே சொல்லு. உன்னைவிட யாருக்குத் தெரியும்?”

“மேடம் எது சொன்னாலும் சரிங்க சார்,” என்றான் பிரேம்குமார்.

பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கச் சொன்னதுபோல் இருந்தது அவளுக்கு. சென்னை என்றால் அவன் திரும்பி வரமாட்டான். அந்த அறையும் அந்த இரண்டு பஸ்ஸும் ஓய்வு பெறும்வரை அவளுக்கே. திருச்சி என்றால் வந்துவிடுவான். அப்போது அடுத்த வருடமாவது தான் போகலாம்.

“திருச்சியே போதும் சார்.” அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

பேனா ‘திருச்சி’ என்று எழுதியது. “அப்பாடா, இனிமே தலைமை அலுவலகம் பயிற்சி பயிற்சின்னு நம்மளை அரிக்காது. ஒருத்தர் படிச்சா போதும்னுதான் போட்டிருக்கான்,” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார் சின்னதுரை.

சிந்தாமணி தன் ஜன்னலுக்குத் திரும்பிப் போனாள்.

பத்து நாள் முடிந்து பிரேம்குமார் வந்தான். கையில் புதுக் கோப்பு, முகம் நிறையச் சிரிப்பு.

“முக்கால்வாசி நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் மேடம். அங்க ஒருத்தரு கேட்டாரு, சென்னை கோர்ஸு இருக்கையில இதுக்கு ஏன் வந்தீங்கன்னு. எங்க மேடம் ரெண்டையும் வரிவரியாப் படிச்சுப் பார்த்துட்டு இதுதான் எனக்கு நல்லதுன்னு சொன்னாங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னேன்.”

சிந்தாமணியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.