திருப்பிப் போட்ட கை

கோவில்பதாகையில் நான் வேலைக்குப் போகிற பட்டறையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாள் செய்கிறார்கள். பழைய காலத்து வெள்ளைக்காரப் படைவீரர்கள் வைத்திருந்த மாதிரி வாள், குத்துவாள். சிலர் வாங்கிச் சுவரில் மாட்டுவார்களாம். சிலர் அதை வைத்து நிஜமாகவே சண்டை பழகுவார்களாம். அவர்களுக்குப் போகிறதில் விளிம்பை மழுங்கலாக விட்டுவிடுவார்கள். இரும்பு வேலையெல்லாம் ஆம்பளைங்க பார்ப்பார்கள். பிடிக்குத் தோல் போடுவது மட்டும் நான்.

மரப்பிடியில் பசை தடவி, நூலை நெருக்கமாகச் சுற்றி, மேலே ஈரத்தோலை இழுத்துப் போர்த்தித் தைத்து, கயிறு கட்டிக் காயவைக்க வேண்டும். காய்ந்தால் உள்ளே இருக்கிற மேடு பள்ளமெல்லாம் தோலில் எழும்பிவிடும். சண்டை பழகுகிறவர்கள் காகிதத்தில் கையை வைத்துச் சுற்றிக் கோடு போட்டுத் தபாலில் அனுப்புவார்கள். அதுதான் எனக்கு அளவு. முகம் தெரியாது, ஊர் தெரியாது. கை மட்டும் தெரியும்.

போன ஆடி மாசம் ஒரு காகிதம் வந்தது. மோதிர விரல் பாதியோடு நின்றிருந்தது. நின்ற இடத்தில் சுண்டுவிரல் பக்கமாகக் கொஞ்சம் சாய்வு.

என் வீட்டுக்காரர் அம்பத்தூரில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். வலது கை மோதிர விரலில் பாதியை மிஷின் எடுத்துக்கொண்டது. இதே சாய்வு. அதற்கப்புறம் அவர் ரசம் சாதம் சாப்பிட்டால் அந்தச் சந்தில் ரசம் ஒழுகித் தட்டில் சொட்டும். "ஓட்டைக் கரண்டி"ன்னு அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. சொட்டுகிற சத்தம் மட்டும் போகவில்லை. நான் தனியாகச் சாப்பிடும்போது எதிரே கேட்கும்.

காகிதத்தில் கைக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் நாலு வரி எழுதியிருந்தது. நான் அஞ்சாவது வரைக்கும்தான். யாரிடமாவது படிக்கச் சொல்லலாம். எனக்கு வாய் வராது, கூச்சம். ஆனால் அது மட்டும் காரணமில்லை. எழுத்து மேலே தெரிய வைத்தால் அது இடது கை. மெல்லிய காகிதம், மை பின்பக்கமும் தெரிந்தது. நான்தான் அதைத் திருப்பிப் போட்டேன். திருப்பினால் வலது கை ஆகிவிட்டது. இதுதான் சரியான பக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாளுக்கு வெட்டுகிற விளிம்பு ஒரு பக்கம்தான். அதனால் எந்தக் கைக்கு என்று பார்த்துத்தான் பிடி கட்ட வேண்டும். குட்டை விரல் எட்டாத இடத்தில் நூலைக் கூடுதலாக ஏற்றி மேடு கட்டினேன். காகிதத்தைப் பார்க்காமலே என் விரல் அளவு சொன்னது. நடுவில் கரண்ட் போய் கிரைண்டர் சத்தமெல்லாம் நின்றது. சொட்டு. இன்னொரு சொட்டு. ஈரத்தோலில் இருந்துதான் சொட்டியிருக்கும். நான் குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள் கயிற்றைப் பிரித்து வைத்தேன். உறை தைக்கிற பாய் பூந்தமல்லியிலிருந்து வருவார், என்னைவிடச் சின்னவர். உறைக்கு அளவெடுக்க வாளை எடுத்தார்.

"இன்னாக்கா இது, பிடியில கொழுக்கட்டை கட்டிக்கீற?"

"அவருக்கு விரல் கம்மி, பாய்."

அவர் காகிதத்தை எடுத்துத் திருப்பினார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வரும். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"யக்கா, இடது கைன்னு எழுதிக்கீறாரு. எந்தப் பிடி வாங்கினாலும் வாளு கையில சுத்திக்குதாம். ஒருதபா எதிர்ல நின்னவன் தோள்லயே உழுந்துடுச்சாம். இதுவும் சரியா வரலன்னா வாளையே உட்டுடுவேன்றாரு." வாளைப் பிடித்துப் பார்த்தார். "நீ வலதுக்கு இல்ல போட்டுக்கீற?"

நான் வாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"உடுக்கா. பெட்டில போட்டு அனுப்பிடலாம். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

நாலு மணிக்கு பார்சல் வண்டி வந்துவிடும். பேசாமல் இருந்தால் நான் கட்டின என் வீட்டுக்காரர் கை அப்படியே எங்கேயோ போய் இருக்கும். பேசினால் நானே அதை அறுக்க வேண்டும்.

"பாய், அந்த ஆளு எந்தக் கையால சாப்டுவாரு?"

"அவங்க ஸ்பூன்லக்கா!" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இத்தனை வருஷத்தில் முதலாளி ரூமுக்குள் நான் போனதில்லை. அன்றைக்கு வாசற்படியில் நின்று சொன்னேன். "தப்பா போட்டுட்டேன். பிரிக்கணும்."

"இன்னா ஆயா, நீயா? எப்டி?"

"கண்ணு தெரியல."

அது பொய். அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "சரி, ரெண்டு நாள் கழிச்சு போவட்டும். கண்ணாடி போடு ஆயா" என்றார்.

தையலைச் சின்னக் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்தேன். தோல் கிழியும் என்று நினைத்தேன், கிழியவில்லை. ஓடு மாதிரி அப்படியே கழன்று வந்தது. உள்ளே வெறும் காற்று, ஆனால் மேடு அதே இடத்தில் இருந்தது. அப்புறம் காகிதத்தை எழுத்து மேலே தெரிய விரித்து, நாலு மூலையிலும் இரும்புத்துண்டு வைத்து, புதுசாகக் கட்டினேன். இந்தத் தடவை என் விரலுக்கு எதுவும் தெரியவில்லை. ஸ்கேல் வைத்து அளந்து அளந்துதான் கட்டினேன்.

ரெண்டு மாசம் கழித்து முதலாளி போனில் ஒரு வீடியோ காட்டினார். புல்தரையில் ஒரு மனிதர் இடது கையால் வாள் வீசுகிறார். வாள் சுற்றவில்லை. "உன்னோட பிடிதான் ஆயா!" என்றார். எனக்குச் சந்தோஷம்தான். வாள் வீசியவர் கையுறை போட்டிருந்தார். ஒரு விரல் நுனி மட்டும் காலியாக மடங்கி மடங்கி ஆடியது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கழற்றிய தோலைக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அலமாரியில் என் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மழை நாளில் ஈரம் இழுத்து ஒரு கை மாதிரி மெதுவாக விரிகிறது. வெயில் அடித்தால் திரும்ப மூடிக்கொள்கிறது. அதற்குள் இன்னும் என் கையை விட்டுப் பார்க்கவில்லை.