ஜனாதிபதி படத்தை மூன்று தரம் ஏற்றி இறக்கிய கதை

1. ஊரே ஓடுகிறது

மொன்றியலில் இருபத்தைந்து வருடம் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கியிருக்கிறேன். பியானோ, மீன்தொட்டி, ஒருமுறை உயிருள்ள ஆமை என்று எல்லாம் தூக்கியாயிற்று. ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் நடுத்தெருவில் காரை விட்டு இறங்கி, திரும்ப விமான நிலையத்துக்கே போகவேண்டும் என்று கத்தியது ஒரே ஒரு தரம்தான்.

அன்று ஜூலை முதலாம் திகதி. இந்த ஊரில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அந்த நாளில்தான் மாறும். ஆகவே பாதி நகரம் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்கும். குளிர்சாதனப் பெட்டியைக் கயிறு கட்டி இறக்குவார்கள், பூனையைக் கூட்டில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். எங்களுக்கு அது தேர்த் திருவிழா.

அந்த நாள் பார்த்து வந்து சேர்ந்தது ஒரு குடும்பம். கவிழ்ந்துபோன ஒரு ஜனாதிபதியின் மனைவி, மகள், மனைவியின் அண்ணன். நாட்டின் பெயரை எழுதமாட்டேன். அங்கே இப்போது இருப்பவருக்கும் குடும்பம் இருக்கிறது. நாளைக்கு அவர்களும் ஒரு ட்ரக் தேடலாம். ஜனாதிபதி வேறொரு விமானத்தில், வேறொரு நாட்டுக்கு, வேறு சிலரோடு போய்விட்டார். இரண்டு கிழமையில் வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொன்னாராம்.

மகள் இங்கே படித்தவள். மலைச்சரிவில் அவள் பெயரில் ஒரு பெரிய வீடு முன்னமே வாங்கி வைத்திருந்தார்கள். விமான நிலையத்தில் அறுபத்து மூன்று பெட்டிகளையும் ஒரு பெரிய மரச்சட்டத்தையும் ஏற்றிக்கொண்டு அவர்களுடைய காருக்குப் பின்னால் போனோம். ட்ரக் ஓட்டியது என் மச்சான் சிவா. பக்கத்தில் நான். எனக்குப் பக்கத்தில் எங்களோடு வேலை செய்யும் ஃபெலிக்ஸ்.

தெரு முழுக்கச் சனமும் சாமானும். கார் நின்றது. ஜனாதிபதியின் மனைவி இறங்கினார். எங்களுக்கு அவர் மேடம். இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். அவர் கதைத்தது பிரெஞ்சு. என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

"இங்கையும் ஆட்சி விழுந்திட்டுதோ? காரைத் திருப்பு! சனம் ஓடுது, தெரியேல்லையோ?"

"ஒண்டும் விழேல்லை மேடம். இவையள் வாடகைக்கு இருக்கிற ஆக்கள். வீடு மாறினம்."

"எல்லாரும் ஒரே நாளிலையோ? ஆர் உத்தரவு போட்டது?"

"ஒருத்தரும் போடேல்லை. வழக்கம்."

அவர் என்னை நம்பவில்லை. உத்தரவு இல்லாமல் ஒரு நகரமே ஒரு நாளில் அசையும் என்பதை அந்த அம்மாவின் மூளை ஏற்க மறுத்தது. கடைசியில் மகள் வந்து கையைப் பிடித்துக் காருக்குள் இருத்தினாள். "உன்ர அப்பாவுக்கு இது தெரியாமல் போச்சே" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

வீட்டு வாசலில் அடுத்த கூத்து. மேடம் கதவுக்கு முன்னால் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பின்னால் நாங்கள் பெட்டிகளைச் சுமந்தபடி வரிசையாக நின்றோம். கதவு தானாகத் திறக்கும் என்று முப்பது வருடம் பழகிய மனிசி. சிவா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கைபிடியைத் திருகினான். அவர் நன்றி சொல்லாமல் உள்ளே போனார். கதவுக்கு யார்தான் நன்றி சொல்வார்கள்?

எங்கள் தொழிலில் இன்வென்டரி என்று ஒரு தாள் உண்டு. ஒவ்வொரு சாமானுக்கும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி அந்தத் தாளில் பதிவோம். இறக்கி முடிந்ததும் ஃபெலிக்ஸ் எல்லாவற்றையும் சரி பார்ப்பார். நான், "என்ன, ஏதும் துலைஞ்சதோ?" என்று கேட்பேன். அவர், "ஒண்டும் துலையேல்லை அண்ணை" என்பார். அதோடு வேலை முடிந்தது என்று அர்த்தம். எட்டு வருடம் எங்களோடு நின்று தமிழ் பழகிய மனிதர்.

மரச்சட்டத்துக்கு ஒன்றாம் எண் போடச் சொன்னார் மேடம். பிரித்துப் பார்த்தால் ஜனாதிபதியின் படம். ஆளைவிட உயரம், பொன் சட்டம், வெள்ளைக் குதிரையில் இருந்தபடி தூரத்தைப் பார்க்கிறார். அவருக்குக் குதிரை ஓட்டத் தெரியாது என்று ஃபெலிக்ஸ் சொன்னார். ஃபெலிக்ஸும் அந்த நாட்டுக்காரர்தான்.

பட்டாளத்தில் இருந்த மேடத்தின் அண்ணனை எல்லோரும் கேணல் என்றார்கள். அவர் நாற்பத்தோராம் பெட்டியில் குந்தியிருந்து, காகிதக் கோப்பையில் கோப்பி குடித்துக்கொண்டு, நாங்கள் கொண்டுவந்த பெட்டிகளின் எண்களைத் தன் சிறிய புத்தகத்தில் தானும் எழுதினார். ஒரு எண்ணும் பிசகவில்லை. நல்ல கையெழுத்து.

ஃபெலிக்ஸ் என்னைப் படிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"அண்ணை, சிறை எல்லாம் உந்தக் கேணலுக்குக் கீழைதான் இருந்தது. என்ர தம்பி மார்க்கோவைப் பிடிச்சது உவற்ர ஆக்கள். ஆறு வருசம். உயிரோட இருக்கிறானோ இல்லையோ தெரியாது. ஒரே ஒரு கேள்வி கேக்கட்டோ?"

"வேலை நேரத்திலை வேண்டாம் ஃபெலிக்ஸ். கஸ்டமர். பேந்து பாப்பம்."

அப்போது என்னிடம் ஒரே ஒரு ட்ரக். இவ்வளவு பெரிய வீடு எனக்கு முதல் முறை. இதெல்லாம் நான் எனக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணம் என் கழுத்து. திருகோணமலையில் இராணுவத்தின் காவல் சென்றியைக் கண்டால் குனிந்துகொண்டு போய்ப் பழகியது அது. ஒரு கேணலை மொன்றியலில் கண்டதும் தானாகக் குனிந்துவிட்டது.

2. லிஃப்ட் பன்னிரண்டு மணி வரைதான்

அடுத்த வருடம் நவம்பரில் திரும்பவும் அழைப்பு. வீட்டை நீதிமன்றம் முடக்கிவிட்டது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் புரோசார்டில், கடைத்தொகுதிக்குப் பக்கத்தில், எட்டாம் மாடியில் ஒரு கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு. அறுபத்து மூன்று பெட்டி நாற்பது ஆகியிருந்தது. ஜனாதிபதியின் இரண்டு கிழமை இன்னும் முடியவில்லை. அவருக்கென்று ஒரு அறையை விட்டிருந்தார்கள். அதில் சப்பாத்துகள் மட்டும் இருந்தன.

படத்தை மாட்ட ஒரு சுவரும் போதவில்லை. கடைசியில் பெரிய யன்னலை மூடித்தான் மாட்டினோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பட்டப்பகலில் லைட் போட்டுத்தான் இருந்தார்கள்.

கொண்டோக்களில் சாமான் ஏற்றும் லிஃப்டை முன்கூட்டியே பதிந்து வைக்கவேண்டும். எங்களுக்குக் கிடைத்தது காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. ஒரு நிமிடம் பிந்தினாலும் காவலாளி சாவியைப் பிடுங்கிவிடுவார். நான் கீழே, சிவா மேலே, லிஃப்டுக்குள் ஃபெலிக்ஸ். கேணலுக்கு எங்களில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு முறையும் பெட்டிகளோடு தானும் லிஃப்டில் ஏறி, மேலே போய், திரும்பக் கீழே வந்தார். ஒன்பது தரம்.

நாலாவது தரம் கதவு மூடுமுன் ஃபெலிக்ஸ் என்னைப் பார்த்தார். வாயால் கேட்கவில்லை. கண்ணால் கேட்டார்.

"நேரம் போகுது ஃபெலிக்ஸ், பேந்து" என்றேன்.

கதவு மூடியது. தம்பியைப் பிடித்தவனோடு அந்த மனிதர் தோளோடு தோள் உரச எட்டு மாடி போனார், எட்டு மாடி வந்தார். ஒரு வார்த்தை கதைக்கவில்லை, நான் வேண்டாம் என்று சொன்னபடியால். பதினொன்று ஐம்பதுக்கு வேலை முடிந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"என்ன, ஏதும் துலைஞ்சதோ?"

"ஒண்டும் துலையேல்லை அண்ணை."

3. குதிரை ஏறாத படி

மூன்றாவது முறை, திரும்ப மொன்றியலுக்குள், வில்லரே பகுதியில், இன்னொரு ஜூலை முதலாம் திகதி. இரண்டாம் தட்டில் ஒரு நாலரை. இங்கே அறைகளை அப்படித்தான் எண்ணுவார்கள். நாலு அறை, குளியலறைக்கு அரை. எந்த அரை என்று மேடம் கேட்டார். சொன்னேன். "அப்ப ஜனாதிபதிக்கு அந்த அரையைக் குடுப்பம்" என்று சிவா எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான்.

பதினாறு பெட்டி, ஒரு படம். மகள் கல்யாணம் கட்டித் தூரப் போய்விட்டாள். கேணலைக் காணவில்லை. மேடம் தானே ஒரு மேசை விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். சுற்றிவர நூறு பேர் மெத்தையோடு ஓடினார்கள். அவரும் அதில் ஒருவர். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவரும் பயப்படவில்லை. கதவுக் கைபிடியை அவரே திருகினார்.

பிழை விட்டது நான். படியை அளக்கவில்லை. வெளியே சுருண்டு ஏறும் இரும்புப் படி, இந்த ஊருக்கே பெயர் போனது. போனில் கேட்டபோது, "அந்தப் படத்தை எந்தக் கதவும் மறுத்ததில்லை" என்று மேடம் சொன்னார். நானும் ஓம் என்று விட்டேன். குதிரையின் தலை முதல் வளைவிலேயே மாட்டிக்கொண்டது.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம். இவர் படுத்தும் படியாலை ஏற ஏலாமல் நிக்கிறார்" என்றான் சிவா.

கயிறு கட்டி பால்கனி வழியாகத் தூக்க முடிவு செய்தோம். மேலே நானும் ஃபெலிக்ஸும் இழுத்தோம், கீழே சிவா தள்ளினான். ஜனாதிபதி குதிரையோடு தெருவுக்கு மேலே மெல்ல எழும்பினார். பக்கத்து வீட்டு ஆள், "புதுச் சாப்பாட்டுக்கடை திறக்கப் போறியளோ?" என்று பிரெஞ்சில் கேட்டார். மேடம் எங்களுக்குப் பக்கத்தில் நின்று, "கவனம், கவனம், முகம்!" என்று கத்தினார்.

படம் அரைவாசியில் வந்தபோது ஃபெலிக்ஸ் இழுப்பதை நிறுத்தினார். கயிற்றை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு மேடத்தைப் பார்த்தார். இந்தத் தரம் என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

"மேடம், என்ர தம்பி பேர் மார்க்கோ. சர்வகலாசாலை பஸ் தரிப்பிடத்திலை வைச்சுப் பிடிச்சவை. அவன் எங்கை?"

அவர் கயிற்றைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகுதான் ஃபெலிக்ஸைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவரின் முகத்தை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. அதெல்லாம் என்ர அண்ணனுக்குத்தான் தெரியும். அவர் ஒரு பேரையும் மறக்கமாட்டார். எல்லாம் எழுதி வைப்பார்."

"அவர் எங்கை?"

"மாசியிலை நித்திரையிலையே போயிட்டார். அந்தப் புத்தகங்களை எரிச்சிட்டன், ஆருக்கு வேணும்?" பிறகு குறைப்படுகிற குரலில் சொன்னார்: "நீ முந்தியே கேட்டிருக்கலாமே? அவர் சும்மாதானே இருந்தவர். இந்த ஊரிலை தன்னோட கதைக்க ஒருத்தரும் இல்லை எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லிச் சலிக்கிறவர். கேட்டிருந்தால் சந்தோசமாச் சொல்லியிருப்பார்."

ஃபெலிக்ஸ் கயிற்றை விடட்டும் என்று நான் மனதார வேண்டினேன். என் காப்புறுதி போனாலும் பரவாயில்லை, விடு என்று நினைத்தேன். அவர் விடவில்லை. இழுத்தார். படம் மேலே வந்து சேர்ந்தது. பிறகு பார்த்தால், பால்கனிக் கதவாலும் அது உள்ளே போகவில்லை. அங்கேயே சாத்திவைத்தோம். அந்தத் தெருவால் போகும்போது இப்போதும் பார்ப்பேன். மழையும் பனியும் பட்டுக் குதிரை பச்சையாகிவிட்டது. ஜனாதிபதியின் தோளில் புறா இருக்கும்.

அன்று வேலை முடிய ஃபெலிக்ஸ் தாளில் பதினேழு எண்களையும் ஒவ்வொன்றாகச் சரி போட்டார். போட்டுவிட்டு, வழக்கப்படி என் கேள்விக்காக நின்றார். என்னால் அதைக் கேட்க முடியவில்லை. தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு ட்ரக்கில் ஏறினேன்.

ஃபெலிக்ஸ் இன்னும் எங்களோடுதான் வேலை செய்கிறார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுக்கிறேன். சாமானைத் தொடமுன் படியை அள. கூட நிற்கிறவன் ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்றால் பெட்டியைக் கீழே வை, அவன் கேட்கட்டும், லிஃப்ட் போனால் போகட்டும்.