நீரோவுக்கு எதிரான வழக்கு

அன்புவழிபுரம் மேர்வினிடம் வாய் கொடுத்துவிட்டு முழுதாகத் திரும்பியவர்கள் குறைவு. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் டக் படகில் முப்பது வருஷமாக எஞ்சின்காரர். கப்பல் வந்தால்தான் அவருக்கு வேலை. வராத நேரமெல்லாம் புத்தகம், இல்லையென்றால் போன். அப்படி வாசித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் ரோமாபுரி அவரைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது பிடித்ததுதான். கல்யாண வீட்டுப் பந்தியில் இருந்தாலும் செத்த வீட்டுக் கதிரையில் இருந்தாலும், எங்கேயோ தொடங்கும் கதை சுற்றி வளைத்துச் சீசரிடம் போய்ச் சேரும். மனைவி மாகிரட் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, விருந்தாளிகள் வந்தால் முதலிலேயே அவரைக் கடைக்கு அனுப்பிவிடப் பழகிக்கொண்டார்.

ஊரில் அவருக்கு மதிப்பைக் கொடுத்தது வழக்காடு மன்றம். ஒவ்வொரு ஒக்டோபரும் வாசிப்பு மாதத்துக்கு வாசகர் வட்டம் ஒன்று நடத்தும் நிகழ்ச்சி அது. செத்துப்போன பெரிய மனிதர் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, ஒருவர் குற்றம் சாட்ட, மற்றவர் காப்பாற்ற, நடுவர் தீர்ப்புச் சொல்வார். சும்மா வரலாறு சொன்னால் சனம் கொட்டாவி விடும். ஆகவே ஊர்ச் சங்கதிகளை உதாரணத்துக்கு இழுத்துப் பேசுவது வழக்கம். கூட்டுறவுக் கடை முகாமையாளர் முதல் பஸ் கொண்டக்டர் வரை ஒருவரும் தப்பமுடியாது. பேர் சொல்லக்கூடாது என்பது மட்டும்தான் விதி. ஆளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரிப்பார்கள். மேர்வின் இதில் மன்னன். பதினொரு வருஷம் குற்றம் சாட்டி ஒரு வருஷமும் தோற்றதில்லை. புரூட்டஸுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்த வருஷம் சனம் எழும்பி நின்று கை தட்டியது.

அவருக்கு ரோம் விஷயத்தில் ஈடு கொடுக்க ஊரில் ஒருவர்தான் இருந்தார். கிண்ணியா றுவைஸ். திருகோணமலை டவுனில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர். காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து பின்னேரம் திரும்பிப் போவார். அதிகம் பேசமாட்டார். பேசினால் படித்துவிட்டுத்தான் பேசுவார். இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைகளில் மேர்வின் அந்தக் கடையில் போய்க் குந்திக்கொண்டு வாதாடுவார். அடிமைகள் சண்டை பிடிக்கும் அரங்கத்தில் கட்டைவிரலைக் கீழே காட்டினால் சாவு என்று மேர்வின் சொன்னால், எந்தப் பக்கம் காட்டினார்கள் என்பது இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது, சினிமாப் படக்காரர்கள் சொன்னதைத்தான் நாங்கள் நம்பிக்கொண்டிருக்கிறோம் என்பார் றுவைஸ். கார்த்தேஜ் நகரத்தை அழித்து மண்ணில் உப்பு விதைத்தார்கள் என்றால், பழைய ஆட்கள் ஒருவரும் அப்படி எழுதவில்லை, அது பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை என்பார். நிலாவெளி உப்பளத்தில் ஒரு வருஷம் விளைகிற உப்பு முழுவதையும் ஏற்றினாலும் அதற்குக் காணாது என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டில் பல்ப் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருப்பார். மேர்வினுக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போகாமல் இருக்க ஏலாது.

இரண்டாயிரத்து இருபத்து நாலாம் ஆண்டு வழக்கு நீரோவுக்கு. ரோம் எரியும்போது பிடில் வாசித்தவன் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த ஆள். மேர்வின் குற்றம் சாட்டுவது என்று முதலே முடிவாகியிருந்தது. காப்பாற்ற ஒருவரும் முன்வரவில்லை. மேடை ஏறியே அறியாத றுவைஸ் தான் பேசுகிறேன் என்று பேர் கொடுத்தபோது எல்லோருக்கும் ஆச்சரியம்.

மன்றத்துக்கு ஒரு கிழமை முன்னால் இருவரும் கடையில் இருந்து ஒத்திகை பார்த்தார்கள். இவனுக்காக இவ்வளவு கஷ்டப்படுவது ஏன் என்று மேர்வின் கேட்டார். றுவைஸ் கையில் இருந்த வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"நெருப்புப் பிடிக்கேக்க அவன் ஊரில இல்ல மேர்வின். கேள்விப்பட்டு ஓடி வந்தவன். நானும் ஊரில இல்லாத ஆள்தானே."

பிறகு மிச்சத்தையும் சொன்னார். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கொழும்பில். வருஷக் கடைசியில் சாமான் மலிவு என்று சனிக்கிழமை வெளிக்கிட்டார். மகள் நப்லாவுக்குக் காய்ச்சல், திங்கட்கிழமை போங்களேன் என்று மனைவி அசனா இரண்டு தரம் கேட்டும் நிற்கவில்லை. அலை வந்தபோது அசனா காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியே ஓடினார். வழியில் பிள்ளை கை நழுவிப் போய்விட்டது. நப்லாவுக்கு ஏழு வயது. றோட்டெல்லாம் உடைந்து கிடக்க, றுவைஸ் ஊர் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். வழியில் யாரோ கொடுத்த சோற்றுப் பார்சல்களை முகாம் சனத்துக்கென்று லொறியில் ஏற்றி வந்திருந்தார். மகளை முதல் நாளே அடக்கியிருந்தார்கள். அவருக்கு மூன்று பிடி மண் போடவும் கிடைக்கவில்லை. வேறு ஒருவரிடமும் இதை வாயால் சொன்னதில்லை என்றும், மேர்வினோடு இருக்கட்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

மேர்வின் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் பொய்யில்லை. அந்த நேரத்தில் அவர் மனதார ஒப்புக்கொண்டார். அதுதான் பிறகு அவரை அதிகம் வருத்தியது.

மன்றம் நடந்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. கணவர் முதன்முதலாக மேடை ஏறுகிறார் என்று அசனாவும் கிண்ணியாவிலிருந்து வந்து பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் இருந்தார். மேர்வின் வழமைபோல வெளுத்து வாங்கினார். சிரிப்புக்குக் குறைவில்லை. பிறகு றுவைஸ் எழும்பினார். பிடில் என்ற வாத்தியம் உண்டாகவே அதற்குப் பிறகு எத்தனையோ நூற்றாண்டு ஆனது என்றார். நெருப்புப் பிடித்த அன்று அரசன் கடற்கரை ஊர் ஒன்றில் இருந்தான், திரும்பி வந்து தன்னுடைய தோட்டங்களைத் திறந்து வீடிழந்த சனத்தை இருத்தினான், தானியத்தின் விலையைக் குறைத்தான், அவனைப் பிடிக்காத வரலாற்றாசிரியரே இதை எழுதி வைத்திருக்கிறார் என்றார். அவன் நல்லவன் என்று தான் சொல்லவரவில்லை, தாயைக் கொன்றவன், ஆனால் செய்யாத குற்றத்துக்கு இரண்டாயிரம் வருஷம் ஒருவனைப் பழித்துக்கொண்டிருப்பது நியாயமோ என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. மண்டபம் மூச்சுக் காட்டாமல் கேட்டது.

மேர்வினுக்கு விளங்கிவிட்டது. பதினொரு வருஷம் காத்த பேர் பல்ப் விற்கிற மனிதரிடம் போகப்போகிறது. மறுப்புரைக்கு ஐந்து நிமிஷம். எழுதி வைத்திருந்ததெல்லாம் செத்துப்போயிருந்தது. ஒலிவாங்கியைப் பிடித்தபோது என்ன சொல்லப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய். தெரிந்துதான் பிடித்தார்.

"நடுவர் அவர்களே, ஊரில இல்லை எண்டது ஒரு சாட்டோ? எங்கட பகுதியிலயும் இருக்கினம். சுனாமி வந்த அண்டைக்குக் கொழும்பில மலிவுச் சாமான் பாத்துக்கொண்டு நிண்டவை. மூண்டாம் நாள் சோத்துப் பார்சலோட வந்து இறங்கினவை. அந்தச் சோறு போன பிள்ளையைக் கொண்டு வந்ததோ? இருக்கவேண்டிய நேரத்தில இல்லாதவன் பிறகு எத்தனை தோட்டத்தைத் திறந்தாலும் குற்றவாளி குற்றவாளிதான்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. சனத்தின் மேல் பிழையில்லை. அதில் பாதிப்பேர் அலையில் ஆளைக் கொடுத்தவர்கள், யாரைப் பழிப்பது என்று தெரியாமல் இருபது வருஷம் இருந்தவர்கள். கிண்ணியா ஆட்கள் சிலர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள். கடைசிப் பேச்சு றுவைஸுக்கு இருந்தது. அவர் எழும்பி, எதிர்த்தரப்பு சொன்னதற்குத் தன்னிடம் மறுப்பில்லை என்று ஒரு வசனம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டார். நடுவர் நீரோ குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னார்.

மாகிரட்டும் மன்றத்துக்கு வந்திருந்தார். திரும்பி வந்ததும் வீட்டு வாசல் படலையடியில் வைத்து, சோற்றுப் பார்சல் கதை யாருடையது என்று கேட்டார். மேர்வின் சொன்னார். பேர் சொல்லவில்லைத்தானே என்றும் சேர்த்துக்கொண்டார்.

"பேரைச் சொல்லியிருந்தா அந்த மனுசன் எழும்பிச் சண்டையாவது பிடிச்சிருக்கலாம்" என்றார் மாகிரட்.

அதற்குப் பிறகு மேர்வினுக்குச் சோறு இறங்கவில்லை. மன்றத்து வீடியோவைப் போனில் பார்த்தவர்கள் படகுக்கே வந்து பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டும் கன்னத்தில் அறைந்தது. சனிக்கிழமைகளில் டவுனுக்குப் போனாலும் அந்தக் கடை இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஆண்டவரிடம் கேட்டது சரி, அந்த ஆளிடம் கேட்டீரா என்றார் பாதர். மன்னிப்பு என்ற ஒரு சொல்லை அந்த மனிதரிடம் சொல்லாமல் இனித் தனக்கு நிம்மதியில்லை என்பது மேர்வினுக்கு விளங்கியது. அதைச் சொல்லத்தான் வேண்டும், றுவைஸ் ஏசினாலும் சரி, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் சரி.

மன்றம் முடிந்து மூன்றாம் ஞாயிறு பின்னேரம் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனார். கதவைத் திறந்தது அசனா. முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. வாங்க அண்ணன் என்று கதிரையை இழுத்துப் போட்டு, கணவரைக் கூப்பிட்டுவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். றுவைஸ் வந்து எதிரே இருந்தார். இரண்டு கிழமையில் மெலிந்திருந்தார்.  மேர்வின் பாதை நெடுகப் பாடமாக்கிக்கொண்டு வந்ததில் முதல் சொல் வாயில் வருவதற்குள் றுவைஸ் கையைக் காட்டித் தடுத்தார்.

"கேக்காதீங்க. எதுக்கு வந்திருக்கீங்க எண்டு தெரியும்."

"றுவைஸ் நானா, நான் செய்தது..."

"உங்களோட எனக்குக் கோவம் இருந்தது. இப்ப இல்ல" என்றார் றுவைஸ். குசினிப் பக்கம் பார்த்துக் குரலை இன்னும் தாழ்த்தினார். "மேடையில இருந்து பாத்தா கீழ இருக்கிற முகமெல்லாம் தெரியும் மேர்வின். நீங்க அதைச் சொல்லி முடிச்சதும் சனம் கை தட்டினது. அசனாவும் தட்டினவ."

மேர்வின் குசினி வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"இருவது வருஷம் அவ என்னை ஒரு சொல்லுச் சொன்னதில்ல. அல்லாஹ்ட நாட்டம் எண்டு எனக்கு ஆறுதல் சொன்னதே அவதான். என்னில அவவுக்குக் குறையில்ல எண்டுதான் நான் இவ்வளவு காலமும் சாப்பிட்டுப் படுத்து எழும்பினனான்." மேர்வினுக்குக் கிட்டக் குனிந்தார். "நான் கண்டது அவவுக்குத் தெரியாது. நீங்க இந்த வீட்டில மன்னிப்பு எண்டு ஒரு சொல்லுச் சொன்னா அந்தக் கதை திரும்ப எழும்பும், நான் கண்டதும் அவவுக்கு விளங்கிப் போகும். பிறகு அவ என்ட முகத்தைப் பாக்க மாட்டா. எனக்காக இதைச் செய்யுங்க. எண்டைக்கும் கேக்காதீங்க."

குசினியில் கோப்பைச் சத்தம் கேட்டது. றுவைஸ் நிமிர்ந்து இருந்து, கப்பல் வருகிறதா, வேலை எப்படி என்று சாதாரணமாக விசாரிக்கத் தொடங்கினார். மேர்வின் ஏதோ பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

அசனா தட்டோடு வந்தார். முதல் கோப்பையை மேர்வினிடம் நீட்டினார். தலைச்சீலையைச் சரிசெய்துகொண்டு, கணவரைப் பார்க்காமல், மேர்வினைப் பார்த்துச் சொன்னார்.

"அண்டைக்கு நல்லாப் பேசினீங்க அண்ணன்."

றுவைஸ் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். கேட்க வந்த மன்னிப்பை விழுங்கிவிட்டு மேர்வின் அசனாவுக்கு நன்றி சொன்னார்.