கங்காணியைச் சுமந்த வழி

கங்காணியை ‘அவர்’ என்று எழுத இந்த வயதிலும் எனக்குக் கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் பதுளை ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். அம்மா எனக்குப் பக்கத்து நிரையில் நின்றாள். காலையிலிருந்தே நெஞ்சைப் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள், மத்தியானக் கொழுந்து நிறுவைக்குக் கொஞ்சம் முன்னால் செடிகளுக்கு நடுவே சரிந்தாள். கங்காணி வந்தான். கையிலிருந்த கம்பால் அவள் கூடையைத் தள்ளிப் பார்த்தான்.

“நடிக்கிறா. நெறுவ முடியட்டும். அதுக்கு முன்ன எவளாச்சும் மலைய விட்டு எறங்கினா இன்னைக்குப் பேரு கெடையாது, சம்பளமும் கெடையாது.”

எதிர்ச் சரிவில் ஆண்கள் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஓடிப்போய்க் கூப்பிட்டாள். கங்காணி இங்கிருந்தே ஓர் அதட்டல் போட்டான். நிமிர்ந்தவர்கள் மறுபடி குனிந்துகொண்டார்கள். என் பெரியப்பா மகனும் அதில் ஒருவன்.

நானும் அண்ணியும் அம்மாவை ஒரு கம்பளியில் கிடத்தித் தூக்கினோம். மழையில் நனைந்த கம்பளி, மலையிலிருந்து இறங்கும் படிக்கட்டில் பாதி வழியில் கையை விட்டு நழுவியது. அம்மாவை ஒரு கல்லின் மேல் இறக்கினோம். அங்கேயே போய்விட்டாள்.

அடுத்த வருஷம் பதுளையிலிருந்து ஆம்புலன்ஸ் தொண்டர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து முதலுதவி சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தலைவர் பதுளையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி. என்னோடு அண்ணியும் இன்னும் இரண்டு கொழுந்துக்காரிகளும் போய் உட்கார்ந்தோம். ஏன் சேர வந்தீர்கள் என்று முதலாளி எல்லாரையும் கேட்டார். ஊருக்கு உதவி, புண்ணியம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். என் முறை வந்தது.

“எங்க கங்காணி கண்ணு முன்னாலயே, அவன்கிட்ட கேக்காம ஆளைத் தூக்கிட்டுப் போகணுங்க. அதுக்குத்தான்.”

வகுப்பு கலைந்த பிறகு அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“நானும் கோவத்துலதான் இதுல சேர்ந்தது, தங்கச்சி. என் தம்பி கடைத்தெருவுல விழுந்து கெடக்கக்குள்ள ஊரே சுத்தி நின்டு பாத்திச்சு. ஒருத்தரும் தொடல்ல. அந்தச் சனம் இன்னமும் என் கடைக்குத் துணி வாங்க வருது. கோவம் இருக்கட்டும். கட்டு மட்டும் ஒழுங்காப் போடுங்க.”

கட்டுப் போடப் பழகினோம். மூங்கில் கழி கோத்த ஒரு ஸ்ட்ரெச்சரைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுப்போயிருந்தார்கள். கல்லை வைத்துத் தூக்கி நடந்து, நாலு பேரின் கால்களும் ஒன்றாக விழும்வரை பழகினோம்.

கங்காணி விழுந்தது ஒரு மழைக்காலக் காலையில். மேல் மலையில் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டும்போது வழுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்துவிட்டது. நாங்கள் ஸ்ட்ரெச்சரோடு போய் நின்றதும் கத்தினான்.

“ஆம்பளைங்க யாரும் இல்லியா? பொம்பளைங்களா என்னைத் தூக்குறது?”

“ஆம்பளைங்க வர நேரமாகுங்க. அதுவரைக்கும் கெடக்கிறீங்களா?” என்றேன்.

ஒடிந்த காலை நீட்டினான். இரண்டு பக்கமும் பலகை வைத்து, ஒரு முடிச்சுகூட உறுத்தாமல் கட்டினேன்.

இறங்க இரண்டு வழி. ஒன்று, அம்மா செத்த படிக்கட்டு. மற்றது வண்டிப்பாதை, கொழுந்து மலையைச் சுற்றி, நாங்கள் குடியிருந்த லயங்களின் வாசல் வழியாகப் போவது. படிக்கட்டு வழுக்கும், நோயாளி சரிவான், அதனால் பாதையே சரி. ஆனால் அன்று வெயில் காய்ந்திருந்தாலும் நான் பாதையில்தான் போயிருப்பேன்.

பெண்கள் நிரை நிரையாக நின்று பார்த்தார்கள். அவன் தலைத்துண்டை இழுத்து முகத்தை மூடினான்.

“மூச்சு முட்டும். மொகத்த மூடக் கூடாதுங்க” என்று அதை உருவி, அவன் காலுக்கு அணைப்பாக வைத்தேன்.

மேல் நிரையிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். “பாத்து புள்ள! நடிக்கிறாரோ என்னமோ!”

ஒரு நிரையில் எழும்பிய சிரிப்பு அடுத்த நிரைக்குத் தாவி மலை முழுக்கப் பரவியது. அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது. கழி மட்டும் ஆடவில்லை. நாலு பேரும் ஒரே அடியாக வைத்து நடந்தோம்.

தகவல் கேட்டு வேனோடு வந்து கீழே காத்திருந்த முதலாளி, காலில் போட்ட கட்டைத் தொட்டுப் பார்த்தார். “நல்ல கட்டு. படியால எறக்காம பாதையால கொண்டு வந்ததும் சரி.”

கால் கூடி, ஊன்றுகோலோடு திரும்பியவன் ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் என்னை நிறுத்தினான்.

“அன்னைக்கு ஏன் அப்படிச் சுத்திக்கிட்டு போன?”

“படியில போனா நீங்க விழுந்திருப்பீங்க.”

“அதுக்கு மட்டுந்தானா?”

“இல்லைங்க. எல்லாரும் பாக்கணும்னுதான்.”

கோலை ஊன்றிக்கொண்டு போய்விட்டான்.

பிறகு ஒரு கர்ப்பிணிப் பெண் மலையில் மயங்கி விழுந்தாள். நாங்கள் ஸ்ட்ரெச்சர் எடுக்க ஓடும் முன்பே அவன் கத்துவது கேட்டது. “கத்தியப் போட்டுட்டு ஓடியாங்கடா! புள்ளத்தாச்சி விழுந்துட்டா!” ஆண்கள் ஓடி வந்து கழியைப் பிடித்தார்கள். முன்னால் பிடித்தவன் என் பெரியப்பா மகன். பதுளை ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கங்காணி திருந்திவிட்டான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். மலை மறுபடி சிரிக்குமோ என்று பயந்துவிட்டான் என்பதுதான் என் எண்ணம்.

அந்தப் பெண் பிள்ளையோடு லயத்துக்கு வந்த அன்று, “இனியாச்சும் அந்தாள மனசுல இருந்து விட்டுரு” என்றாள் அண்ணி.

விடவில்லை. அடுத்த ஞாயிறும் வகுப்புக்குப் போனேன்.