அறுபத்து மூன்று வயது இளவட்டம்

புதூருக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில், மிஞ்சியிருக்கும் ஆண்களுள் இளையவர் சுடலைமணி. அவருக்கு வயது அறுபத்து மூன்று. அவருக்குப் பின் பிறந்தவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டதால், ஊரார் இன்றும் அவரை ‘இளவட்டம்’ என்றே அழைக்கிறார்கள். குடிநீர்த் தொட்டியில் ஏறி அடைப்பெடுப்பதும், கோயில் கொடையில் சப்பரத்தின் முன்தண்டைப் பிடிப்பதும், இறந்தவர்களைச் சுமப்பதும் அவருடைய பொறுப்பு.

சுமப்பதுதான் கடினம். அமரர் ஊர்தி தார்ச்சாலை முடியும் இடம்வரை வரும். அங்கிருந்து மயானத்துக்குக் கரிசல் காட்டு வண்டிப்பாதைதான். மழைக்காலத்தில் அந்த மண் சக்கரத்தைப் பிடித்தால் விடாது. நான்கு தோள்கள் வேண்டும். கிராம சபையில் பலமுறை பாதை கேட்டோம்.

“ஆள் குறைஞ்ச ஊருக்கு முன்னுரிமை வராதுங்க,” என்றார் வந்திருந்த அலுவலர்.

நூறு நாள் வேலைக்குப் போகும் பேபி எழுந்து, “போய்ச்சேருதவிய எண்ணிக்கை கூடிக்கிட்டுத்தான சார் இருக்கு? அதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?” என்றாள். அலுவலரும் சிரித்துவிட்டார். பாதை மட்டும் வரவில்லை.

இதற்கிடையே சுடலைமணியின் வலக்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், கோவில்பட்டியில் அறுவை சிகிச்சைக்கு இருமுறை நாள் குறித்தார்கள். இருமுறையும் அவர் போகவில்லை. சிகிச்சைக்குப் பிறகு பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவருக்குச் சித்தப்பா முறையாகும் கருத்தையாவோ, எண்பத்தெட்டு வயதில், ஐப்பசியிலிருந்து படுக்கையில் கிடந்தார். அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போகலாம் என்பது சுடலைமணியின் எண்ணம். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? “மழை நிக்கட்டும்,” என்று மட்டும் சொல்லிவந்தார்.

மூன்றாம் முறை நாள் குறித்ததும், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் விஜயராஜ் நேரில் வந்தான். தந்தையைக் கருத்தையாவின் கட்டிலருகே கண்டான்.

“இந்தத் தடவை வராட்டா நான் இனிமே நாள் வாங்க மாட்டேன்ப்பா.”

“மழை நிக்கட்டும்லே.”

கருத்தையா கண்ணைத் திறந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

“மழை இல்ல விஜயராஜ். நான் போகட்டும்னு உங்கப்பன் காத்துக்கிட்டு இருக்கான்.”

சுடலைமணி பதறினார். “அப்படியெல்லாம் இல்ல சித்தப்பா.”

“இல்லாம என்னலே? தெனமும் விடிஞ்சதும் வந்து எட்டிப் பாக்குத. நான் முழிச்சிருந்தா உன் மூஞ்சி சுருங்குது.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. “நீ போ. நடுவுல நான் போயிட்டா இவன் தூக்கட்டும். இவனும் இந்த ஊர்க்காரன்தான?”

“எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல தாத்தா,” என்றான் விஜயராஜ்.

“எனக்கு மட்டும் பழக்கமாலே? நானும் மொத தடவையாத்தான் சாகுதேன்.”

சுடலைமணி மருத்துவமனைக்குப் போனார். அறுவை சிகிச்சை முடிந்த வாரத்திலேயே, அடைமழையில், கருத்தையா இறந்தார். செய்தி வந்ததும் சுடலைமணி கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். அவர் மனைவி செல்வலட்சுமி தோளைப் பிடித்து அமர்த்தினாள். விஜயராஜ் அன்று திருப்பூருக்குத் திரும்ப வேண்டும். தந்தை அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் சற்று நின்றுவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் புறப்பட்டான். எந்த ஊர்ப் பேருந்து என்று சொல்லவில்லை.

மாலையில் திரும்பி வந்தான். குளித்திருந்தும் கால் நகங்களிலிருந்து கரிசல் மண் போகவில்லை.

“யார் யாருலே பிடிச்சா?” என்று கேட்டார் சுடலைமணி.

“நானு, சண்முகராஜ் மாமா, பூவனநாதன் அண்ணாச்சி. நாலாவது ஆள் இல்ல. பேபி அத்தைதான் முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு வந்தாவ.”

“பொம்பளையா? ஊர்ல ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னாவ. ‘அப்ப நீங்க வந்து பிடிங்க’ன்னு அத்தை பாடைத் தண்டை நீட்டுனாவ. அதோட பேச்சு நின்னுட்டு. ரெண்டு தடவ எனக்குக் கால் வழுக்குச்சுப்பா; அவியதான் நேரா பிடிச்சாவ. இந்தக் காலோட நீங்க எப்படித் தூக்குனீங்க?”

 சுடலைமணி மகனுடைய கழுத்தோரம் மூங்கில் அழுத்திச் சிவந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே யாருக்காவது ஆச்சுன்னா...” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

“போன் போடுங்க. லீவு கிடைச்சா வாரேன்.”

“கிடைக்கலேன்னா?” என்றாள் செல்வலட்சுமி.

விஜயராஜ் யோசித்தான். பிறகு கைபேசியை எடுத்து, திருப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன் காளீஸ்வரனை அழைத்தான். மறுமுனையில் அவன் கேட்டது கட்டில்வரை கேட்டது:

“என்னலே, யாரு போயிட்டா?”

“கருத்தையா தாத்தா. தூக்கியாச்சு. அடுத்ததுக்கு நாம முறை வச்சுக்கிடணும். நீ எந்த மாசம் வருத?”