பால் தேத்தண்ணியை விட்ட கதை

போன ஞாயிறு மலைக் கோயிலுக்குப் போய், சாந்தா ரோசாலியா எண்ட புனித அம்மாவோடை ஒரு வழக்குப் பேசிப்போட்டு வந்தனான். என்ன வழக்கு எண்டு கேக்கிறியளோ? பால்!

என்ரை மகனுக்குப் பதினாலு மாதம். முந்தி போத்தலைக் கண்டால் பாய்ஞ்சு வருவான். இப்ப ஒரு மாதமாய், போத்தலைக் கண்டால் வாயை இறுக்கி மூடுறான். கோப்பையிலை குடுத்தன்... தட்டிவிட்டான். கரண்டியாலை பருக்கினன்... என்ரை சட்டையிலை துப்பினான். தங்கச்சியின்ரை கலியாண வீடியோ கசெற்றைப் போட்டன். பல்கனியிலை நிண்டு, எங்கடை சீசாப் பகுதிக்கு வாற பஸ் எல்லாத்தையும் காட்டினன். பஸ்ஸைப் பார்த்தான். பாலைப் பார்க்கேல்லை.

பகிடி இல்லை, எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. காலமை இத்தாலிக்காரச் சிஞ்ஞோரா அம்மா வீட்டுக்கு வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வாறன். நான் பக்கத்திலை இல்லாததாலைதான் பிள்ளை இப்பிடிச் செய்யிறானோ? மெலிஞ்சு போயிடுவானோ? சிஞ்ஞோரா வீட்டிலை பாத்திரம் கழுவேக்கை அழுகை வந்திட்டுது.

இந்த நேரத்திலை எங்கடை சனம் என்ன செய்யும்? நேத்திக்கடன் வைக்கும். நாங்கள் சைவம்தான். ஆனால் இந்த இத்தாலிப் பலெர்மோவிலை சைவமோ கிறிஸ்தவ வேதமோ, தமிழருக்கு ஒரு கவலை எண்டால் மலையிலை இருக்கிற அந்த அம்மாதான்.

"தாயே, இவன் பால் குடிக்குமட்டும் நான் பால் தேத்தண்ணி வாயிலை வைக்க மாட்டன்."

சொல்லேக்கை சுகமாய்த்தான் இருந்தது!

யாழ்ப்பாணத்தாளுக்குப் பால் தேத்தண்ணி இல்லாமல் விடியுமோ? மூண்டாம் நாள் தலையிடி. அஞ்சாம் நாள் இவரோடை சண்டை. சிஞ்ஞோரா தன்ரை கோப்பிக்குப் பால் விடேக்கை, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிண்டன்.

கடைசியிலை பிள்ளையை டொக்டரிட்டைக் கொண்டு போனம். நிறுத்துப் பார்த்தார். சிரிச்சார்.

"நல்லாய் வளருறான். சோறு, பருப்பு, மீன், யோகர்ட், சீஸ் எல்லாம் சாப்பிடுறான்தானே? பாலுக்காக மல்லுக்கட்டாதையுங்கோ. வேண்டாமெண்டால் விடுங்கோ."

அப்பாடா! நெஞ்சிலை இருந்த பாரம் இறங்கிச்சுது. றோட்டுக்கு வந்தாப்பிறகுதான் விளங்கிச்சுது... அவனுக்குப் பால் தேவையில்லை. அப்ப என்ரை நேத்தி?

வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டன். "இஞ்சாருங்கோ, சீஸும் பால்தானே?"

"குடிக்குமட்டும் எண்டெல்லோ சொன்னனீர்? சீஸைக் குடிக்கிறானோ? சாமியோடை சுத்துமாத்து வேண்டாம்" எண்டுபோட்டு, எனக்கு முன்னாலையே தன்ரை பால் தேத்தண்ணியை உறிஞ்சினார். இரக்கமில்லாத மனுசன்!

அதுதான் ஞாயிறு இவரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மலையேறினது. குகைக் கோயிலுக்குள்ளை நிண்டு மன்றாடினன். "தாயே, தெரியாமல் சொல்லிப்போட்டன். வேறை ஏதும் கேள், தாறன்." வெளியிலை வந்து படியிலை குந்தினம்.

பக்கத்திலை மன்னாரிலை இருந்து வந்த ஒரு அக்கா பிளாஸ்கைத் திறந்தா. என்ன வாசம்! ஏலக்காய் போட்ட பால் தேத்தண்ணி. மூடியிலை ஊத்தி, ஆறட்டும் எண்டு படியிலை வைச்சா. கனநேரம் கதைச்சுக்கொண்டிருந்தா. என்ரை மடியிலை இருந்தவன் ஒரே எட்டு... மூடியை இழுத்து வாயிலை வைச்சிட்டான். மடக்கு மடக்கெண்டு ரெண்டு மிடறு!

அக்கா பதறிப்போனா. "ஐயோ தங்கச்சி, பச்சைப் பிள்ளை தேத்தண்ணி குடிக்குது! பறியுங்கோ!"

குடிச்சது பாலோ, தேத்தண்ணியோ? அதை இருந்து ஆராய எனக்கு நேரமில்லை. இவர் வாய் திறக்க முதலே மூடியைப் பறிச்சன்.

"அக்கா, மிச்சத்தை நான் குடிக்கிறன்!"